தோள்பட்டையில் விட்ட தையல்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் நலம், நீ நலமா என்று தொடங்குவதுதான் நம் வழக்கம், இன்றைக்கு அதைத் திருப்பிப் போடுகிறேன், முதலில் நீ நலம் என்று ஒரு வரி எழுது, எங்கள் நலத்தை அதற்குப் பிறகு சொல்கிறேன். எழுதிக்கொள்வது என்று பேச்சுக்குச் சொல்கிறேனே தவிர தட்டுவது உன் தங்கை, நான் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவள் கம்ப்யூட்டரில் அடிக்கிறாள், சொல்லாததையும் சேர்த்து அடிப்பாள், அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் அவள் கைவரிசை, அதற்கு நான் பொறுப்பில்லை. (வணக்கம் மூப்பரே. இரண்டு வருஷ ஊழியத்துக்குப் போனதும் சபையில் உனக்கு இந்தப் பட்டம் கொடுத்துவிட்டார்கள், பத்தொன்பது வயதில் நீ மூப்பர், நாற்பத்தெட்டு வயது அப்பாவை வேலை செய்யும் இடத்தில் இன்னும் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவருக்கு மூப்பு வந்தது முழங்காலுக்கு மட்டும். நீ கிளம்பிய அன்று உன் பெட்டிக்குள் என் பழைய செருப்பில் ஒன்றை வைத்ததும் நான்தான், பதினான்கு மாதமாக நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை, அந்த அழுத்தம் யாருக்கு வரும்.)

வீட்டுச் செய்தி என்று பெரிதாக ஒன்றுமில்லை. அப்பா போன வாரம் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தில் பழைய லிஃப்டைக் கழற்றிப் புதிது மாட்டி முடித்தார், (அவர் தொழிலில் ஏற்ற இறக்கம் இருந்தால்தான் நல்லது,) எனக்குப் பள்ளிச் சீருடை வேலை குவிந்து கிடக்கிறது, பாவாடை மடிப்பு எடுத்து எடுத்துக் கண் பூத்துவிட்டது, உன் அறையில் துணிக்கட்டுகளை அடுக்கியிருக்கிறேன், கட்டிலை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். சபையில் கிளைத் தலைவர் வாராவாரம் உன்னை விசாரிப்பார், நேற்றும் விசாரித்தார், நன்றாக இருக்கிறான் என்றேன். திருவிருந்து எடுத்த வாயோடு அப்படிச் சொன்னேன், அது உண்மையா என்று எனக்கே தெரியாது. இப்போது மணி இரண்டரை. திங்கட்கிழமை உங்கள் ஊழியக்காரப் பையன்களுக்கு ஓய்வு நாள், துணி துவைத்து, முடி வெட்டிக்கொண்டு, இணையக் கடைக்குப் போய் வீட்டுக்கு எழுதுகிற நாள், பதினான்கு மாதத்தில் ஒரு திங்கள்கூட உன் கடிதம் பதினொரு மணியைத் தாண்டி வந்ததில்லை. இன்றைக்கு வரவில்லை. கடை பூட்டியிருக்கும், மின்சாரம் போயிருக்கும் என்று நானே எனக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன், பன்னிரண்டு மணிக்குச் சம்பந்தி அம்மாவிடமிருந்து செய்தி வந்தது, அவருக்கும் வரவில்லையாம். அப்போதுதான் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தேன்.

சம்பந்தி அம்மா யார் என்று விழிப்பாய், அந்தப் பெயர் வைத்தது உன் தங்கை, உன் ஊழியத் துணை நெட்டையன் இருக்கிறானே அவனுடைய அம்மா. (வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சபையே முடித்து வைத்த ஜோடி, ஒரே அறை, ஒரே அடுப்பு, சண்டை போட்டாலும் பிரிய முடியாது, அப்படியானால் இரண்டு அம்மாக்களும் சம்பந்திகள்தானே, இதில் பெண் வீடு எது என்று மட்டும் கேட்காதே.) உங்கள் இருவரையும் சேர்த்துப் போட்ட வாரமே அவர் என்னைத் தேடி எழுதினார், அவர் நாடு வேறு, மொழி வேறு, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார், ஆங்கிலத்தில் எழுதுவார், தங்கை படித்துத் தமிழில் சொல்வாள். வாராவாரம் நெட்டையன் கடிதத்தை அவர் எனக்கு அனுப்ப, உன் கடிதத்தை நான் அவருக்கு அனுப்ப, ஒரே அறையின் கதையை இரண்டு வாயால் கேட்டோம். முதலில் எல்லாம் சிரிப்புதான். தினமும் காலையில் ஓடிப் பயிற்சி செய்கிறோம் என்று நீ எழுதியிருந்தாய், தினமும் காலையில் ஒரு நாய் துரத்துகிறது என்று அவன் எழுதியிருந்தான். இன்றைக்கு என் சமையல் என்று நீ பெருமையடித்திருந்தாய், இன்றைக்கு இவன் சமைத்தான், சபையின் உபவாச நாளான முதல் ஞாயிறு இல்லாவிட்டாலும் நான் உபவாசம் இருந்தேன் என்று அவன். வயிறு வலிக்கச் சிரித்தோம், அப்பாகூட அன்றைக்குச் சிரித்தார். உங்கள் விதிகளில் எனக்குப் பிடித்தது இந்தத் துணை விதிதான், குளியலறை தவிர எங்கேயும் ஒருவரை விட்டு ஒருவர் பிரியக் கூடாது என்பது, என் பிள்ளை எங்கே இருந்தாலும் அவனை இன்னொரு ஜோடிக் கண் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

நான்கு வாரத்துக்கு முன்பு ரொட்டிக்கடை அக்காவைப் பற்றி எழுதினாய். புருஷன் விட்டுப் போய் ஆறு வயதுப் பெண் குழந்தையோடு அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருப்பவர், விடிந்ததும் ரொட்டிக்கடையில் மாவு பிசையப் போகிறவர், நீங்கள் கொடுத்த நம் சபையின் நீலப் புத்தகத்தை மாவு படாமல் தாளில் சுற்றி வைத்துப் படிக்கிறவர், ஞானஸ்நானம் எடுக்க அவரே கேட்டார் என்று எழுதியிருந்தாய், அந்தக் கடிதத்தில் உன் சந்தோஷத்தைப் பார்த்து நான் அழுதேன். அங்கே சபைக்கென்று தொட்டி கிடையாது, ஆற்றில்தான், நாளும் குறித்தாயிற்று, வருகிற சனிக்கிழமை. அடுத்த வாரம், பாடத்தை அக்கா வீட்டிலிருந்து பூங்கா பெஞ்சுக்கு மாற்றிவிட்டோம், நல்ல காற்று என்று எழுதினாய். அதற்கடுத்த வாரம், இப்போதெல்லாம் ஆறு மணிக்கே அறைக்கு வந்துவிடுகிறோம், படிக்க நிறைய நேரம் கிடைக்கிறது என்று எழுதினாய். இரண்டையும் படித்து நான் சந்தோஷப்பட்டேன், காற்று வாங்குகிறான், சீக்கிரம் வீடு திரும்புகிறான், இதைவிட ஒரு அம்மாவுக்கு என்ன வேண்டும்.

போன திங்கள் ஒரு படம் அனுப்பினாய், அறை வாசலில் இரண்டு பேரும் நிற்கிற படம், நீ லேசாகத் திரும்பி நிற்கிறாய். சட்டை கேட் ஆணியில் மாட்டிக் கிழிந்துவிட்டது, நானே தைத்துக்கொண்டேன், அம்மா பெருமைப்படலாம் என்று கீழே எழுதியிருந்தாய். படத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். வெள்ளைச் சட்டையில் கறுப்பு நூல், பின்பக்கத் தோள்பட்டை, கை உடம்போடு சேர்கிற இடம். மகனே, நீ யாரிடம் வேண்டுமானாலும் ஆணி என்று சொல்லலாம், அந்தச் சட்டையை வெட்டித் தைத்தவளிடம் சொல்லலாமா. ஆணி மாட்டினால் துணி கிழியும், மூலை திரும்பிக் கிழியும், தையல் அப்படியே நிற்கும். உன் சட்டையில் துணி முழுசாக இருக்கிறது, தையல்தான் நான்கு விரல் நீளத்துக்கு விட்டிருக்கிறது. அந்த இடத்தில் நான் இரட்டைத் தையல் போட்டு அனுப்பினேன், நீ தினமும் புத்தகப் பை சுமப்பாய் என்று. பின்னாலிருந்து ஒரு ஆள் கையைப் பிடித்து முழுப் பலத்தோடு இழுத்தால்தான் அது விடும். அன்றைக்கு நெட்டையன் கடிதம் இரண்டே வரி, எழுத ஒன்றுமில்லை, எங்களுக்காக ஜெபம் செய்யுங்கள் என்று. நாய் துரத்தியதை மூன்று பக்கம் எழுதுகிற பையன் அவன். உன் தங்கையைக் கூப்பிட்டு, பழைய கடிதங்களை எல்லாம் எடு, ஒரு வார்த்தை விடாமல் திரும்பப் படி என்றேன். அவள் எடுக்கவில்லை, என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள், அதற்குப் பிறகுதான் விட்ட வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

இரண்டு வாரமாக அவள் வரிகளை விழுங்கியிருக்கிறாள். நீ பூங்காக் காற்று என்று எழுதிய வாரம் நெட்டையன் எழுதியது, அக்காவின் அண்ணன் வாசலுக்குக் குறுக்கே மேசையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார், இனி இந்தப் படி ஏறக் கூடாது என்றார் என்று. நீ படிக்க நேரம் கிடைக்கிறது என்ற வாரம் அவன் எழுதியது, அண்ணன் லாரி ஓட்டுகிறவர், சாயங்காலமானால் எங்கள் தெரு முனையில் அவருடைய லாரி எஞ்சினை அணைக்காமல் நிற்கிறது, நாங்கள் அறைக்குள் நுழைந்ததும் ஒரு தடவை விளக்கைப் போட்டு அணைத்துவிட்டுப் போகிறது, அதனால் இப்போது வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுகிறோம் என்று. நான் அன்றைக்கே சம்பந்தி அம்மாவுக்கு எழுதச் சொன்னேன், நான்கு நாள் கழித்து வெள்ளிக்கிழமைதான் பதில் வந்தது, எழுதி எழுதி அழித்திருப்பார் போல. வெளியே சொன்னால் ஊழியத் தலைவர் நம்மை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார், ஞானஸ்நானம் நின்றுவிடும், சனிக்கிழமை வரை பொறு என்று நீ நெட்டையனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாய், அவன் தன் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான், இங்கே இவள் தன் பங்குக்கு வரியை விழுங்கியிருக்கிறாள், போர்வை உதறுகிற மாதிரி நாலு பேர் நாலு மூலையில் ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். கேட் பக்கத்தில் அந்த அண்ணன் உன் கையைப் பிடித்து இழுத்ததும், நெட்டையன் இன்னொரு கையைப் பிடித்து உன்னை மீட்டதும், அப்போது அவர் சொன்னதும் அந்தப் பதிலில் இருந்தது. சத்தமே போடாமல் சொன்னாராம். "சனிக்கிழமை தண்ணிக்குள்ள இறக்கப் போறீங்களா? இறக்குங்க. ஏறி வர்றது யாருன்னு பாத்துக்கலாம்." மூன்று நாளாக எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. (நேற்று அம்மாவோடு நானும் உபவாசம். வழக்கமாக என் உபவாசம் பத்தரை மணி வரைக்கும்தான், நேற்று முழுசாக இருந்தேன்.)

உன் மனசு எனக்குத் தெரியும், அந்த வார்த்தையை உனக்கு விட்ட மிரட்டல் என்று எடுத்துக்கொண்டிருப்பாய், விசுவாசத்துக்காகப் பயப்படாமல் நிற்கிறோம் என்று நெஞ்சை நிமிர்த்தியிருப்பாய். ஏறி வருவது யார் என்று அவர் சொல்லவில்லையே, அதைக் கவனித்தாயா. உன்னை இன்றைக்குப் பிடித்து வேறு ஊருக்கு மாற்றினால் நாளைக்கு வேறு ஒரு தெருவில் வேறு ஒரு கதவைத் தட்டுவாய், பத்து மாதத்தில் வீட்டுக்கு வந்துவிடுவாய், உனக்கு இடமாற்றம் உண்டு, அந்தப் பெண்ணுக்கு இல்லை. அவர் அதே பின்னறையில்தான் குழந்தையைப் படுக்கவைக்க வேண்டும், அந்த மேசையைத் தாண்டித்தான் வேலைக்குப் போக வேண்டும். சனிக்கிழமை தண்ணீரிலிருந்து ஏறிய பிறகு அவர் எந்த வீட்டுக்குப் போவார் என்று நீங்கள் இரண்டு பேரும் ஒரு தடவையாவது அவரைக் கேட்டீர்களா. நீ மறைத்தது உன் ஆபத்தை மட்டும் இல்லை, அவருடையதையும் சேர்த்து. சபைக்குத் தெரிந்திருந்தால் பெண்கள் நாலு பேர் அவரோடு வேலைக்கும் வீட்டுக்கும் போய் வந்திருப்பார்கள், தங்க ஒரு அறையாவது பார்த்திருப்பார்கள். ஞானஸ்நானம் ஒரு மாதம் தள்ளிப் போனால் ஆறு எங்கேயும் ஓடிவிடாது. (ஆறு ஓடத்தான் செய்யும் என்றேன், அம்மா சிரிக்கவில்லை.) வெள்ளிக்கிழமையே ஊழியத் தலைவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும், நீயாகத் திங்கள் கடிதத்தில் சொல்லிவிடுவாய், உன் வாயால் வரட்டும் என்று மூன்று நாள் பொறுத்தேன், அது என் தப்பு. அப்பா அன்றைக்கே சொன்னார். "உள்ள ஆள் இருக்கும்போதே லிஃப்டை ஓட்டிப் பாக்கக் கூடாது. மொதல்ல நிறுத்து, ஆளை இறக்கு, அப்புறம் பாரு." இன்று மதியம் சாப்பிட வந்தவர் வேலைக்குத் திரும்பிப் போகவில்லை, உன்னை ஊழியத்துக்கு அழைத்த கடிதத்தோடு வந்த தாளில் அவசரத்துக்கு என்று போட்டிருந்த எண்ணை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உன் முதுகுக்குப் பின்னால் செய்தேன் என்று ஆகக் கூடாது, அதனால்தான் முதலில் உனக்கு எழுதுகிறேன். நெட்டையனைக் கோபிக்காதே, அவன் காட்டிக்கொடுக்கவில்லை, பயந்தபோது அம்மாவிடம் சொன்னான், நீயும் அதைச் செய்திருக்க வேண்டும்.

(அம்மா எழுந்து போய்விட்டாள், அண்ணா. அவள் முடிப்பதற்குள் அப்பா எண்ணைப் போட்டுவிட்டார், அடுத்த அறையில் பேசுகிறார்கள், மணி மூன்றே முக்கால். நான் தனியாக அடிக்கிறேன். அந்த வரிகளை நான் ஏன் படிக்கவில்லை என்று அம்மா இதுவரை கேட்கவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதல் தடவை, மேசை போட்ட ஆளைப் பற்றிய வரி வந்தபோது அம்மா ஒரு பாவாடையை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்து நீ என்ன எழுதியிருப்பாயோ என்று இப்போதே சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள், அந்த முகத்தைப் பார்த்து என்னால் படிக்க முடியவில்லை, பதிலாக நெட்டையன் உன் குறட்டையைப் பற்றி எழுதியதாக ஒரு கதை விட்டேன். அடுத்த வாரமும் அப்படியே. நெட்டையன் குறட்டையைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. நீ அங்கிருந்து நல்லதாக ஜோடித்து அனுப்ப, நான் இங்கே அதற்கு மேல் பூச்சூடியிருக்கிறேன். உள்ளே அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார், கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது கதவு வழியாகத் தெரிகிறது.)

மகனே, ஊழியத் தலைவரோடு பேசிவிட்டோம். அப்பா பெயரைச் சொன்னதுமே, உங்களைத்தான் கூப்பிட இருந்தேன் என்றார். இன்று காலை எட்டு மணிக்கு நெட்டையனே அவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம், நீ பக்கத்தில் நின்றாயாம், தடுக்கவில்லையாம். ஒன்பதரைக்கு அவர் அனுப்பிய கார் வந்து, இருவரும் பெட்டியோடு ஏறிவிட்டீர்கள். ரொட்டிக்கடைத் தெரு முனையில் வண்டி கொஞ்சம் நின்றதும் நீ கதவைத் திறந்து இறங்கிவிட்டாய். "அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம போனா அவங்க தனியா மாட்டிக்குவாங்க, அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்றாயாம். நெட்டையன் பின்னாலேயே ஓடினானாம், அவன் முனை திரும்பும்போது நீ தெருவில் இல்லை. கடையில் கேட்டால் அக்கா இன்றைக்கு வேலைக்கே வரவில்லை என்றார்களாம். அண்ணன் வீடு வெளியே பூட்டியிருக்கிறது, பின்னறையில் பெண்ணும் இல்லை, குழந்தையும் இல்லை, லாரி நிற்கும் இடத்தில் லாரி இல்லை. காவல் நிலையத்தில் சொல்லியிருக்கிறார்கள், அங்குள்ள சபைக்காரர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுத் தேடுகிறார்கள், ஆற்றுப் பக்கமும் இரண்டு பேர் போயிருக்கிறார்கள் என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது, அப்பா அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். நீ இறங்கி ஆறு மணி நேரம் ஆகிறது. மேலே உன்னைக் கேட்டதையெல்லாம் அழித்துவிடட்டுமா என்று தங்கை கேட்கிறாள், வேண்டாம், இருக்கட்டும், நீ வந்து அதற்குப் பதில் சொல்லு. நீ இறங்கியது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சரி என்று சொல்லவும் வரவில்லை. நீ அவர்களை முதலில் கண்டுபிடித்திருப்பாய், மூன்று பேருமாக எங்கேயோ ஒரு பேருந்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள், குழந்தை உன் மடியில் தூங்குகிறது என்று நினைத்துக்கொள்கிறேன், அதற்கு மேல் நினைக்க என்னால் முடியாது.

கர்த்தர் உன்னையும் அந்தப் பெண்ணையும் குழந்தையையும் தம் கைக்குள் வைத்திருக்கட்டும், உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிற தூரத்தில் நான் இல்லை, அதனால் இங்கே இருந்தே சொல்கிறேன், மூன்று பேரும் நன்றாக இருங்கள். கையில் காசு இல்லையென்றால் கூச்சப்படாமல் கேள், யார் சாப்பாடு கொடுத்தாலும் சாப்பிடு, தனியாக எந்த வண்டியிலும் ஏறாதே. ஞாபகம் வைத்துக்கொள், இதை எங்கே எப்போது திறந்து படித்தாலும் பதில் எழுத உட்காராதே. வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வீட்டுக்குப் போன் என்கிற விதியை நான் ஊழியத் தலைவரிடம் சொல்லிக்கொள்கிறேன், யார் போனையாவது வாங்கிக் கூப்பிடு. பேச முடியாத இடமாக இருந்தால் பேச வேண்டாம், இரண்டு ரிங் விட்டுவிட்டு வைத்துவிடு, எனக்குப் புரியும்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு,
உன் அம்மா
(அப்பாவும், நானும்)